ஜிமெயிலை விட்டு வந்து ஐந்து ஆண்டுகள்: ஒரு பயன்பாட்டு அனுபவம்

2021 ஜனவரியில் என் மின்னஞ்சலையும் நாட்காட்டியையும் கூகுள் சேவைகளிலிருந்து வேறிடத்துக்கு மாற்றத் தொடங்கினேன். ஒரு சனி, ஞாயிறுக்குள் முடிந்துவிடும் என்று நினைத்த வேலை, முழுமையாக அடங்க இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மதுரையில் வீட்டிலிருந்தபடியே பதிப்பகங்களுக்கு நூல் பக்க வடிவமைப்புச் செய்து தருவது என் தொழில். மெய்ப்பு வருவதும், திருத்தம் போவதும், அச்சகத்துக்குக் கோப்பு செல்வதும், பணம் கேட்டு நினைவூட்டுவதும் மின்னஞ்சல் வழியேதான் என்பதால், இந்த மாற்றத்தில் ஒவ்வொரு பிழைக்கும் நான் நேரடியாக விலை கொடுக்க வேண்டியிருந்தது. அவற்றை விரிவாகச் சொன்னால் பின்னால் வருபவர்களுக்குச் சில மாதங்களாவது மிஞ்சும் என்று நம்புகிறேன்.

ஜிமெயில் 2004 ஏப்ரல் 1 அன்று அறிமுகமானபோது, மற்ற சேவைகள் சில மெகாபைட் இடம் தந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு ஜிகாபைட் தந்தது. அழைப்பு இல்லாமலேயே எவரும் சேரலாம் என்றான 2007-இல் நான் கணக்குத் தொடங்கினேன். பதினான்கு ஆண்டுகளில் அதைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவும் இருந்ததில்லை. விளம்பரத்துக்காகக் கடிதங்களின் உள்ளடக்கத்தைப் பயன்படுத்துவதைக் கைவிடுவதாக 2017-இலேயே கூகுள் அறிவித்துவிட்டதால், என் கடிதத்தை யாரோ படிக்கிறார்கள் என்ற அச்சமும் என்னைக் கிளப்பவில்லை. கிளப்பியது வேறொன்று. மொழிபெயர்ப்பாளரான என் தோழி ஒருவருடைய கணக்கு, ஒரு பெரிய நிறுவனத்தின் சேவையில், 2020 இறுதியில் திடீரென்று முடக்கப்பட்டது. காரணம் சொல்லப்படவில்லை. படிவத்துக்கு மேல் படிவமாக நிரப்பி அனுப்பினார். ஒரே வாசகம் கொண்ட தானியங்கிப் பதில்தான் ஒவ்வொரு முறையும் வந்தது. ரேஷன் அட்டையில் பெயர் விடுபட்டால் தாலுகா அலுவலகத்தில் போய் நிற்கலாம். இங்கே போய் நிற்க ஒரு சன்னல்கூட இல்லை. பதினொரு ஆண்டுக் கடிதங்களும், அந்த முகவரியை நம்பியிருந்த வங்கிக் கணக்குகளின் நுழைவும் ஒரே நாளில் அவர் கையை விட்டுப் போயின. அன்று இரவு என் முகவரியை எங்கெல்லாம் கொடுத்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்க முயன்று, எண்ணி முடிக்க இயலாமல் படுத்தேன்.

ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படும் இரண்டு பொருள்களைத் தமிழில் இலவசம் என்றும் கட்டற்றது என்றும் பிரித்துச் சொல்ல முடிகிறது. எனக்கு வேண்டியிருந்தது இரண்டாவது. காசு கொடுத்தாலும் பரவாயில்லை, நாளை பிடிக்காவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு இன்னோர் இடத்துக்குப் போக வழி இருக்க வேண்டும். அந்த வழியைத் தருபவை பொதுத் தரநிலைகள்: மின்னஞ்சலுக்கு ஐமேப், நாட்காட்டிக்கு 2007-இல் வகுக்கப்பட்ட கால்டாவ். இந்த இரண்டும் இருந்தால் எந்தச் செயலியிலிருந்தும் எந்தச் சேவையையும் அணுகலாம். இதை நான் தெரிந்துகொண்டு தொடங்கவில்லை. இரண்டு சேவைகளில் தடுக்கி விழுந்த பிறகுதான் புரிந்துகொண்டேன்.

முதலில் சென்றது புரோட்டான் மெயிலுக்கு. ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வுக்கூடமான செர்னில் சந்தித்த அறிவியலாளர்கள் 2014-இல் தொடங்கிய, ஜெனீவாவிலிருந்து இயங்கும் சேவை அது. செயலிகளின் மூல நிரல் பொதுவில் இருக்கிறது. அதனுடன் ஜெர்மனியின் ஹானோவரிலிருந்து இயங்கும் டூட்டனோட்டாவையும், அதாவது 2023-இல் டூட்டா என்று பெயர் மாறிய சேவையையும், சில வாரங்கள் இணையாக வைத்துப் பார்த்தேன். இரண்டும் கடிதத்தின் உடலைப் பூட்டியே வைக்கின்றன. புரோட்டானில் கடிதத்தின் தலைப்பு வரி முனைக்கு முனை, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே திறக்கும்படி, பூட்டப்படுவதில்லை, டூட்டாவில் அதுவும் பூட்டப்படுகிறது என்பது கவனிக்க வேண்டிய வேறுபாடு. தனிப்பட்ட கடிதங்களுக்கு இவை மிக நல்ல சேவைகள் என்று இன்றும் சொல்வேன்; என் உடல்நலம் தொடர்பான கடிதங்களுக்குப் புரோட்டானையே பயன்படுத்துகிறேன். ஆனால் தண்டர்பேர்ட் போன்ற கணினி மின்னஞ்சல் செயலியுடன் புரோட்டானை இணைக்கும் பாலம் கட்டணத் திட்டத்தில் மட்டுமே உண்டு. டூட்டாவில் ஐமேப் அறவே இல்லை. உள்ளடக்கம் பூட்டப்பட்டிருப்பதால் சேவையின் கணினியான வழங்கியால் அதைப் படித்துத் தேடித் தர முடியாது. தேடலுக்கான அட்டவணையை நம் கருவியிலேயே கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு நாளில் நாற்பது கடிதங்களுக்கிடையே ஒரு திருத்தப் பட்டியலைத் தேடி எடுக்கும் என் வேலைக்கு இது பொருந்தவில்லை.

அடுத்ததாக, நன்கொடையில் இயங்கும் ஒரு சிறிய சேவையில் கணக்குத் தொடங்கினேன். ஐமேப் இருந்தது, நெக்ஸ்ட்கிளவுட் என்ற கட்டற்ற மென்பொருள் வழியே நாட்காட்டியும் இருந்தது. ஓராண்டு நிறைவாகவே ஓடியது. 2022-இல் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அந்தச் சேவை நின்றது. மூன்று நாள் எழவில்லை. அந்த மூன்று நாளும் நான் தூங்கியது குறைவு. ஆனால் திங்கள் இரவு வழங்கி எழுந்ததும், மூன்று நாளில் வந்திருக்க வேண்டிய 41 கடிதங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. பெறும் வழங்கி பதில் தராவிட்டால், அனுப்பும் வழங்கி கடிதத்தை உடனே தூக்கி எறிவதில்லை. வழக்கமாக நான்கைந்து நாள் வரை இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் முயலும். மின்னஞ்சலின் பழைய வடிவமைப்பில் இருக்கும் இந்தப் பொறுமையை அன்றுதான் நேரில் கண்டேன். நாட்காட்டியும் அப்படியே: கால்டாவ் வழியே ஒத்திசையும்போது நிகழ்வுகளின் படி நம் கைப்பேசியிலேயே இருப்பதால், சேவை முடங்கிக் கிடந்த மூன்று நாளும் என் நாள் வேலைகள் எதுவும் மறைந்துவிடவில்லை.

இருந்தாலும் அந்த வார இறுதி எனக்கு ஒன்றைக் காட்டியது. அந்தச் சிறு சேவை நாளை மூடப்பட்டால் என் முகவரியும் அதனோடு போய்விடும். எந்த நிலையைக் கண்டு அஞ்சி ஜிமெயிலை விட்டேனோ அதே நிலையில், இன்னும் நலிந்த ஒரு கூரையின் கீழ் இருந்தேன். சொந்தமாக ஒரு டொமைன் பெயர், அதாவது மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர், வாங்கியது அதன் பிறகுதான். ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும் செலவு. முகவரி என்னுடையது, அதன் பின்னால் எந்தச் சேவை கடிதங்களைப் பெறுகிறது என்பதை டொமைன் அமைப்பில் இரண்டு வரிகளை மாற்றி நானே தீர்மானிக்கலாம். இப்போது அது பெர்லினிலிருந்து இயங்கும் மெயில்பாக்ஸ்.ஆர்க் சேவையில், மாதம் 3 யூரோவுக்கு இயங்குகிறது. நாளை வேறொன்றுக்கு மாறினாலும் எனக்கு எழுதுபவர் எவருக்கும் அது தெரியவே வேண்டியதில்லை. இதை முதல் நாளே செய்திருந்தால் எல்லா இடங்களிலும் முகவரியை இரண்டு முறை மாற்றியிருக்க வேண்டியதில்லை. மாற நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வதும் இதையே: எந்தச் சேவை நல்லது என்று ஆராயும் முன் டொமைன் வாங்குங்கள். கூடவே, அதைப் புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள். காலாவதியான டொமைனை வேறொருவர் வாங்கினால், உங்கள் கடவுச்சொற்களை மீட்டெடுக்கும் கடிதங்களும் அவருக்கே போகும். நான் உச்ச வரம்பான பத்து ஆண்டுகளுக்கும் சேர்த்தே கட்டிவிட்டேன்.

பழைய கடிதங்களை நகர்த்துவது நினைத்ததைவிட எளிதாகவும், வேறு விதத்தில் குழப்பமாகவும் இருந்தது. கூகுளின் டேக்அவுட் வசதி எல்லாக் கடிதங்களையும் எம்பாக்ஸ் என்ற பொது வடிவில் தருகிறது. எனக்கு 11 ஜிகாபைட் வந்தது. ஜிமெயிலில் கோப்புறைகள் இல்லை, லேபிள் எனப்படும் சிட்டைகள்தான் உண்டு. ஒரே கடிதத்துக்கு மூன்று சிட்டைகள் இருக்கலாம். அவை ஏற்றுமதியில் கடிதத்தின் தலைப்பகுதியில் ஒரு வரியாக மட்டுமே வருகின்றன. ஐமேப் வழியே இழுத்தால் அதே கடிதம் மூன்று கோப்புறைகளில் மூன்று முறை வருகிறது. இரண்டையும் செய்து பார்த்துக் களைத்த பிறகு, கடைசி மூன்று ஆண்டுக் கடிதங்களை மட்டும் புதிய சேவைக்குக் கொண்டுவந்து, மற்றவற்றைத் தண்டர்பேர்டின் உள்ளகக் கோப்புறையில் இறக்கி, ஒரு வன்தட்டில் படியெடுத்து வைத்தேன். அதற்குப் பிறகு அந்தப் பழைய குவியலை ஆண்டுக்கு நான்கைந்து முறைக்கு மேல் திறக்க நேர்ந்ததில்லை.

தண்டர்பேர்ட் தமிழில் எழுதுபவர்களுக்குத் தரும் ஒரு நன்மையை இங்கே சொல்ல வேண்டும். வலைவழி மின்னஞ்சல்களில் தேடல் பெரும்பாலும் முழுச் சொல்லையே பார்க்கிறது. தமிழில் ஒரு சொல் வேற்றுமை உருபை ஏற்று அச்சகத்தில், அச்சகத்துக்கு, அச்சகத்தால் என்று வளர்ந்துகொண்டே போகும். அச்சகம் என்று தேடினால் இவை எதுவும் அகப்படாது. தண்டர்பேர்டின் விரைவு வடிகட்டியோ எழுத்துத் தொடரையே தேடுவதால், அச்சக என்று அடித்தாலே இவை அனைத்தும் வந்து நிற்கும். ஒரு நூலாசிரியர் அனுப்பிய பின்னிணைப்பை இப்படித் தேடி இரண்டு நொடியில் எடுத்த நாளில், மாறியதற்கான பலன் கைக்கு வந்துவிட்டதாக உணர்ந்தேன்.

முகவரி மாற்றம்தான் உண்மையான உழைப்பு. ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, இடப்பக்கம் நிறுவனத்தின் பெயர், வலப்பக்கம் மாற்றிய நாள் என்று கோடு போட்டுக்கொண்டேன். பழைய அஞ்சல்பெட்டியில் ஓடிபி, ஸ்டேட்மென்ட், பில் என்று தேடிக் கிடைத்தவற்றை எல்லாம் எழுதியபோது 64 வரிகள் ஆயின. வங்கிகள், வருமான வரித் தளம், ரயில் முன்பதிவு, மின்வாரியம், எரிவாயு, மகளின் பள்ளி என்று பெரும்பாலானவற்றை உட்கார்ந்த இடத்திலிருந்தே மாற்ற முடிந்தது. ஆதாருக்கு மையத்துக்கு நேரில் சென்று விரல் ரேகை வைத்தேன். நினைவுக்கு வராதவற்றைப் பிடிக்க ஒரு வழி மிக உதவியது: பழைய முகவரியிலிருந்து புதியதற்குக் கடிதங்களைத் தானாக அனுப்பச் செய்து, அப்படி வருபவை மட்டும் தனிக் கோப்புறையில் விழும்படி ஒரு வடிகட்டி அமைத்தேன். அதில் விழும் ஒவ்வொரு கடிதமும் இன்னும் மாற்றப்படாத ஓர் இடம். முதல் மாதத்தில் நாளுக்குப் பத்து, பன்னிரண்டு விழுந்தன. இரண்டாம் ஆண்டின் இறுதியில் வாரத்துக்கு ஒன்று.

நாட்காட்டி வேறு வகைச் சிக்கல். மின்னஞ்சல் என் ஒருத்தியின் விஷயம். நாட்காட்டியை என் கணவரும் பார்க்கிறார், அப்பாவின் மருத்துவமனை நாட்களும் மகளின் தேர்வுகளும் அதில்தான் இருக்கின்றன. அவர் கூகுள் நாட்காட்டியிலேயே இருக்கட்டும், என்னுடையதை இணைப்பு வழியே அவர் பார்க்கட்டும் என்றுதான் முதலில் ஏற்பாடு செய்தேன். அப்படி இணைக்கப்பட்ட வெளி நாட்காட்டிகள் புதுப்பிக்கப்படப் பல மணி நேரம் ஆகலாம் என்பதால் அது குடும்பத்துக்கு உதவவில்லை. ஆகவே இருவர் கைப்பேசியிலும் கட்டற்ற செயலிகளைத் தரும் எஃப்-டிராய்டிலிருந்து, கால்டாவ் நாட்காட்டியைக் கைப்பேசியோடு ஒத்திசைக்கும் டாவ்எக்ஸ்5 செயலியை நிறுவி, இட்டார் என்ற செயலியில் நாட்காட்டியைப் பார்க்கத் தொடங்கினோம்.

2023-இல், கண்புரை சிகிச்சைக்குப் பிறகு அப்பாவுக்கு ஒரு பரிசோதனை வியாழக்கிழமைக்குக் குறித்திருந்தது. மருத்துவமனையிலிருந்து அழைத்து அதைச் செவ்வாய்க்கு முன்னதாக மாற்றினார்கள். கணவர் தம் கைப்பேசியில் உடனே திருத்தினார். என் கைப்பேசியில் அது வியாழனாகவே இருந்தது. செவ்வாய் மாலை, “இன்றைக்குத்தானே வரச் சொல்லியிருந்தார்கள், நீ ஏனம்மா வரவில்லை?” என்று அப்பா கேட்டபோது எனக்குப் பதில் இல்லை. காலையிலிருந்து சட்டை மாற்றித் திண்ணையில் காத்திருந்திருக்கிறார். பின்னர் ஆராய்ந்ததில், பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகக் கைப்பேசி டாவ்எக்ஸ்5 செயலியைப் பின்னணியில் நிறுத்திவைத்திருந்தது தெரிந்தது. நான்கு நாளாக ஒத்திசைவே நடக்கவில்லை, எந்த எச்சரிக்கையும் வரவில்லை. அமைப்புகளில் பேட்டரிக் கட்டுப்பாட்டிலிருந்து அந்தச் செயலிக்கு விலக்குக் கொடுத்ததும் சிக்கல் தீர்ந்தது, இன்றுவரை திரும்பவில்லை. டாவ்எக்ஸ்5 நிறுவும் எவரும் நாட்காட்டியை ஒருமுறைகூடத் திறக்கும் முன் இதைச் செய்துவிட வேண்டும். மருத்துவமனை நாட்களை மட்டும் சமையலறைச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியிலும் எழுதிவைக்கும் வழக்கம் அன்று தொடங்கியது; அது தொடர்கிறது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். எரிதங்களை, அதாவது வேண்டாத குப்பைக் கடிதங்களை, பிரித்தெடுப்பதில் ஜிமெயிலுக்கு இணையானதை நான் இன்னும் பார்க்கவில்லை. வாரத்துக்கு மூன்று, நான்கு குப்பைக் கடிதங்களை நானே தள்ள வேண்டியிருக்கிறது. புதிய டொமைனிலிருந்து நான் அனுப்பிய விலைப்பட்டியல்கள் முதல் இரண்டு மாதங்களில் சில பதிப்பகங்களின் எரிதப் பெட்டியில் விழுந்தன. கடிதம் உண்மையில் என் டொமைனிலிருந்தே வருகிறது என்று பெறுபவருக்குக் காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளையும் டொமைனில் சரியாக இட்ட பிறகு அது நின்றது. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும் அனுப்புநரை உறுதிசெய்யும் விதிகளை இறுக்கிவிட்டதால், சொந்த டொமைன் வைத்திருப்பவர் இவற்றை விட்டுவிடவே கூடாது. இன்னொன்றும் உண்மை: எனக்கு எழுதும் பத்துப் பேரில் ஒன்பது பேர் ஜிமெயிலில் இருக்கிறார்கள், ஆகவே எங்கள் கடிதங்களின் ஒரு படி அங்கேயே இருக்கும். தனியுரிமைக்காக மட்டும் மாற நினைப்பவர்கள் இதை அறிந்தே மாற வேண்டும்.

கைப்பேசியில் தொடக்கத்திலிருந்தே கே-9 மெயில் என்ற மின்னஞ்சல் செயலியைப் பயன்படுத்தினேன். 2022-இல் அது தண்டர்பேர்ட் குடும்பத்தில் சேர்ந்து, 2024 அக்டோபரில் ஆண்ட்ராய்டுக்கான தண்டர்பேர்டாக வெளிவந்தபோது, அமைப்புகள் எல்லாம் அப்படியே வந்து சேர்ந்தன. பழைய ஜிமெயில் கணக்கை நான் அழிக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத கணக்குகளை நீக்கும் விதியை 2023 டிசம்பர் முதல் கூகுள் நடைமுறைப்படுத்துவதால், மாதப் பிறப்பன்று ஒருமுறை உள்ளே நுழைந்து பார்த்துவிட்டு வருகிறேன். நோட்டின் 64 வரிகளில் 63-க்கு வலப்பக்கம் நாள் எழுதியாகிவிட்டது. மிச்சமிருப்பது அப்பா என் பெயரில் எடுத்த ஒரு பழைய காப்பீடு. அதன் கிளை அலுவலகத்தில் கொடுத்த இரண்டாவது விண்ணப்பத்துக்கான ஒப்புகைச் சீட்டை அந்த நோட்டிலேயே குத்தி வைத்திருக்கிறேன். சென்ற வாரமும் அதன் பிரீமிய நினைவூட்டல் அந்தத் தனிக் கோப்புறையில்தான் வந்து விழுந்தது.