வேலூர் 1806 சிப்பாய் சிலைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ராணுவச் சீருடை மினியேச்சர் சேர்ப்பவர்கள், அதிலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையைத் தேடித் தேடி வாங்குபவர்கள் கவனத்துக்கு. நான் 9,000 ரூபாயை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

வேலூர்க் கோட்டைப் புரட்சியின் சிப்பாய் ஒருவனை 120 மில்லிமீட்டர் ரெசின் உருவமாகச் செய்து தருவதாக ஒருவர் விளம்பரம் போட்டிருந்தார். "முழுக்க ஆவண ஆதாரத்தோடு" என்று பெரிய எழுத்தில். மொத்தம் 18,000, பாதி முன்பணம். பேசும்போது கம்பெனிப் படை, கோட்டை, புரட்சியை அடக்கிய கில்லெஸ்பி என்று சரளமாகப் பேசினார், நம்பிவிட்டேன். நான்கு மாதம் கழித்து பெட்டி வந்தது.

தலையைப் பார்த்ததுமே மனசு விட்டுப்போனது. சீக்கியர்கள் கட்டும் தலைப்பாகை, அடுக்கடுக்காக, நெற்றியில் கூம்பி. கூடவே மார்பு வரை தாடி. 1806-இல் மதராஸ் படையில் இருந்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள், தெலுங்கர்கள், தென்னாட்டு முஸ்லிம்கள். கம்பெனி சீக்கியப் படைப்பிரிவுகளைத் திரட்டியதே 1846-இல்தான், அதாவது நாற்பது வருஷம் கழித்து.

வேறு எந்த சிப்பாய் உருவத்தில் தலைப்பாகை தவறினாலும் ஒரு பிழை என்று விட்டுவிடலாம். வேலூரில் அப்படி விட முடியாது, சண்டையே தலைப்பாகையால்தான் வந்தது. கம்பெனி சிப்பாய்கள் மேல் திணித்தது ஐரோப்பியத் தொப்பி மாதிரி வட்டமாக ஒரு புதிய தலைப்பாகை, அதில் தோலில் செய்த ஒரு சின்னம். அந்தத் தோல் பசுவா பன்றியா என்ற சந்தேகம் இரண்டு தரப்பையும் சுட்டது. நெற்றியில் நாமமோ திருநீறோ கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்றும் உத்தரவு. மே மாதமே வேலூரில் அதை அணிய மறுத்தவர்களில் இருவருக்குக் கசையடி கொடுத்து வேலையை விட்டு நீக்கினார்கள். ஜூலை 10 விடிவதற்கு முன் கோட்டைக்குள் வெடித்தது. தாடியை எடுக்கச் சொன்னதற்காகவும் கொதித்த ஒருவனுக்கு ஒழுங்காகச் சீவி வளர்த்த தாடியை ஒட்டி அனுப்பியிருக்கிறார் இவர்.

அப்புறம் துப்பாக்கி. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். குழலைச் சுற்றி மூன்று வளையம், பூட்டில், அதாவது தீப்பற்ற வைக்கும் பொறியில், சக்கிமுக்கிக் கல் இல்லை, வெடிக்கும் சின்ன உலோகக் கேப்பு வைத்து அடிக்கும் சுத்தி. அது 1853 மாதிரி என்ஃபீல்டு, 1857 கலகத்தில் தோட்டா உறையால் பேர்போனது. கம்பெனி சிப்பாய் 1806-இல் தூக்கியது பிரவுன் பெஸ் வகை, கல் பூட்டு. அதில் குழலைக் கட்டையோடு பிடித்திருப்பவை குறுக்கே போகும் ஊசிகள், வளையம் கிடையாது. காலில் முழு பேண்ட் வேறு. அந்தக் காலத்து மதராஸ் சிப்பாய் ஓவியங்களில் தொடையோடு நின்றுவிடும் குட்டைக் கால்சட்டையைத்தான் காண்கிறோம்.

"எந்தப் படத்தைப் பார்த்து செய்தீர்கள் சார்?" என்று கேட்டேன். "லண்டன் மியூசியம் ஓவியம் சார்" என்று ஒரு படத்தை அனுப்பினார். மியூசியம் அந்தப் படத்துக்குக் கொடுத்திருக்கும் சேர்க்கை எண் கேட்டேன், பதில் இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கீழ் ஓரம் வெட்டப்பட்டிருந்தது, வெட்டிய கோட்டுக்கு மேல் அச்சு எழுத்துகளின் தலை மட்டும் பாதி தெரிந்தது. அதே படத்தை இணையத்தில் தேடியதும் முழுசாகக் கிடைத்தது: பஞ்சாப் படைப்பிரிவு ஒன்றைக் காட்டும் 19-ஆம் நூற்றாண்டுக் கடைசி அச்சுப்படம். தலைப்பு தெரிந்தால் மாட்டிக்கொள்வோம் என்றுதான் வெட்டியிருக்கிறார், தெரியாமல் செய்த தவறு இல்லை இது. எனக்கு அதுதான் ஆறவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு "ஷோகேஸில் வைக்கப் போகிறீர்கள், யார் சார் இவ்வளவு பார்ப்பார்கள்?" என்றார். மீதி 9,000 நான் தரவில்லை. இப்போது என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

ஆதாரம் என்று யாராவது சொன்னால், பணம் கொடுக்கும் முன்பே அது எங்கே இருக்கிறது, என்ன எண் என்று கேளுங்கள். பிரிட்டிஷ் நூலகமானாலும் சரி, செல்சியில் உள்ள தேசிய ராணுவ அருங்காட்சியகமானாலும் சரி, ஒவ்வொரு படத்துக்கும் எண் உண்டு, உண்மையாகப் பார்த்தவரால் ஒரு நிமிஷத்தில் சொல்ல முடியும். படத்தின் நான்கு ஓரமும் தெரிகிற மாதிரி அனுப்பச் சொல்லுங்கள். வரைந்த வருஷமும் முக்கியம். 1806-க்கு இருபது வருஷம் பின்னால் வரைந்ததில் தலைப்பாகையே வேறாக இருக்கலாம், ஏனென்றால் அந்தப் புதிய தலைப்பாகையைப் புரட்சி நடந்த கையோடு கைவிட்டார்கள். எந்தப் படைப்பிரிவு என்றும் கேட்க வேண்டும், கழுத்துப்பட்டியும் கைமடிப்பும் பிரிவுக்குப் பிரிவு நிறம் மாறும். சென்னையில் இருப்பவர்கள் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய் அங்குள்ள பழைய ஆயுதங்களையும் சீருடைகளையும் நேரில் பார்த்துவிட்டு வரலாம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கம்பெனி காலத்து ராணுவத் துறைப் பதிவுகளும் இருக்கின்றன. நான் முதலில் அங்கே போயிருக்க வேண்டும்.

அதே உருவத்தின் படத்தைப் போட்டு "வேலூர் 1806, சில பிரதிகளே மீதம்" என்று நேற்றும் விளம்பரம் வந்திருக்கிறது. ஏற்கனவே முன்பணம் கொடுத்தவர்கள் இருந்தால், பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே தலையையும் துப்பாக்கிப் பூட்டையும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.