14416: மழைக்குத் தூங்காத மகளுக்காக அழைத்த எண்

எங்கள் வீடு சென்னையை அடுத்த முடிச்சூரில், அடையாற்றுக்குப் பக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மகளுக்கு 7 வயது; எதிர்வீட்டு மொட்டை மாடியில் இரண்டு இரவுகள் கிடந்தோம். 2023இல் மிக்ஜாம் புயலின்போது அவளுக்கு 15. புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்தாள். அதன்பின் மழைச் சத்தம் கேட்டால் தூக்கம் போய்விடும். கட்டிலிலிருந்து கையைத் தொங்கவிட்டு, தரை நனைந்திருக்கிறதா என்று இருட்டில் தடவிப் பார்ப்பாள். செம்பரம்பாக்கம் ஏரி 24 அடியில் எத்தனை அடி நிரம்பியிருக்கிறது என்று நள்ளிரவில் கைப்பேசியில் தேடுவாள்.

பள்ளியில் சொன்னேன். "வயதுக் கோளாறு, சரியாகிவிடும்" என்றார்கள். அந்தப் பதில் எனக்கு இன்னும் ஆறவில்லை.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்த இரவு, டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416ஐ அழைத்தேன். கட்டணம் கிடையாது, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். எடுத்த பெண் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "மகளிடம் கொடுங்கள் அம்மா" என்றார். அவள் வெகுநேரம் வாய் திறக்கவில்லை. அவரும் அவசரப்படுத்தவில்லை. இரண்டு வெள்ளத்தைப் பார்த்தவளுக்குப் பயம் வருவது இயல்புதான் என்றார். "பயப்படாதே" என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. ஒன்பது வருடமாக நான் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் மகளுக்கு மூன்று வழிகள் சொன்னார். ஏரி மட்டத்தைக் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை மட்டும் பார்க்க வேண்டும். பயம் ஏறினால் இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி மூச்சை மெல்ல விட வேண்டும். வெள்ளத்துக்கான அவசரப் பை அவள் பொறுப்பு. இந்த மூன்றில் பைதான் அவளை மாற்றியது. ரேஷன் அட்டை, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பாட்டியின் சர்க்கரை மாத்திரை எல்லாவற்றையும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் போட்டு, பட்டியல் எழுதிக் கதவில் ஒட்டினாள். பட்டியலின் கடைசியில் பூனையும் இருந்தது.

ஒரே அழைப்பில் தீர்ந்துவிடவில்லை. மூன்று முறை பேசினோம். பெருமழை இரவுகளில் இன்னும் விழித்துக்கொள்கிறாள், ஆனால் இப்போது என்னை எழுப்புகிறாள்.

அழைக்கும் பெற்றோர், பிள்ளை கையில் போனைக் கொடுத்துவிட்டு அறையை விட்டு வெளியே போய்விடுங்கள். முதல் முறை நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது தவறு. இரண்டாம் முறை சமையலறைக்குப் போய்விட்டேன். அன்றுதான் அவள் மனம்விட்டு அழுதாள்.