‘எய்ம் டு’வா, ‘ப்ளான் டு’வா? இன்டர்வியூவில் எதைச் சொல்வது?

கடலூர் சிப்காட்டுக்கோ புதுச்சேரி சேதராப்பட்டுக்கோ வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் பயோடேட்டாவில், பெயருக்குக் கீழேயே லட்சியம் வந்து உட்கார்ந்திருக்கும். அதை ஆங்கிலத்தில் சொல்ல நாலைந்து வழி உண்டு. எல்லாம் ஒன்றுதானே என்று கலந்தடித்தால் வம்பு.

‘எய்ம்’ வகையறாவில் பின்னால் ஒட்டும் சின்னச் சொல்தான் எஜமான். வினை வந்தால் ‘டு’: ‘ஐ எய்ம் டு பிகம் எ சூப்பர்வைசர்’. எட்ட வேண்டியது பெயர்ச்சொல்லானால் ‘ஃபார்’: ‘வி எய்ம் ஃபார் ஜீரோ ஆக்ஸிடென்ட்ஸ்’. மாங்காயைக் குறிபார்த்துக் கல்லை விட்டால் ‘அட்’. யாருக்காகச் செய்தது என்பதற்கும் அதே ‘அட்’தான்: ‘எ கோர்ஸ் எய்ம்ட் அட் பிகினர்ஸ்’. ‘எய்ம் அட் இம்ப்ரூவிங்’ என்பதும் சரியே. ஆனால் ‘எய்ம் டு இம்ப்ரூவ்’ வாயில் சுலபமாக வரும்போது அது எதற்கு?

நேர்காணலுக்கு என் ஓட்டு ‘ப்ளான் டு’வுக்கு. ஒரே நிபந்தனை, கையில் திட்டம் இருக்க வேண்டும். ‘ஐ ப்ளான் டு லேர்ன் ஆட்டோகேட்’ (கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் மென்பொருள்) என்றதும் எதிரே இருப்பவர் எங்கே, எப்போது என்று கேட்பார். மஞ்சக்குப்பத்தில் வகுப்பு விசாரித்து வைத்திருந்தால் தைரியமாகச் சொல்லலாம். ஆசை மட்டும்தான் என்றால் ‘ஹோப் டு’ போதும், அதில் பொய் இல்லை. ‘இன்டெண்ட் டு’வும் ‘ப்ளான் டு’வின் வேலையைச் செய்யும். என்ன, கொஞ்சம் கோட்டு மாட்டிய பேச்சு; கடிதத்தில் அழகு, வாயில் விறைப்பு.

படித்தவர்களையும் கவிழ்ப்பது, ‘இந்த நோக்கத்தோடு’ என்று பொருள் தரும் ‘வித் எ வியூ டு’. ‘வித் எ வியூ டு கெட் எ ஜாப்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘கெட்டிங்’ என்றுதான் வர வேண்டும். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ’வில் வரும் அதே ‘டு’ இது. பின்னால் ‘இங்’ கேட்கும். ஏறக்குறைய அதே பொருளுள்ள ‘இன் ஆர்டர் டு’வுக்கு அந்தத் தொல்லை இல்லை, ‘கெட்’ என்றே முடியும். இரண்டில் ஒன்று என்றால் ‘இன் ஆர்டர் டு’வையே எடுங்கள். வெறும் ‘டு கெட்’ போதுமான இடத்தில் அதுகூட வேண்டாம்.

அப்புறம் ‘கோயிங் டு’வும் ‘வில்’லும். ஞாயிற்றுக்கிழமை பாண்டிக்குப் போவதென்று முன்பே முடிவு செய்தாயிற்றா? ‘ஐ ஆம் கோயிங் டு விசிட் பாண்டி’. நம் ‘போகப் போறேன்’ அப்படியே பொருந்துகிறது. நண்பன் போனில் கூப்பிட்டு, அந்த நொடியில் “சரி, வர்றேன்” என்கிறீர்களா? அது ‘ஓகே, ஐ வில் கம்’. தமிழில் ‘வர்றேன்’ என்பதால் பலர் இங்கே ‘ஐ ஆம் கமிங்’ என்கிறார்கள். அதைக் கேட்பவர், நீங்கள் ஏற்கெனவே பஸ் ஏறிவிட்டதாகவும் நினைக்கலாம்.