நல்லதண்ணிக் கிணறு உள்ள வீடு: முல்லைத்தீவுக் கரையில் தங்கிப் படம் வரையப் போகிறவர்களுக்கு

கடற்கரையில் தங்கிப் படம் வரைய நினைக்கிறவர்கள் வீட்டுக்காரரிடம் முதலில் கிணற்றுத் தண்ணீரைப் பற்றித்தான் விசாரிக்க வேண்டும். சவர்த்தண்ணீரில் நீர்வர்ணம் கரைத்தால் உப்பு நிறத்தை இழுத்துப் பிடிக்கும். வானத்துக்கு என்று ஒரே சீராகப் பூசிய நீலம் காய்ந்த பிறகு தேமல் விழுந்த முதுகு மாதிரிக் கிடக்கும். பிறஷ் மயிரும் விறைத்துப் போகும். கிளிநொச்சியில் சித்திரம் படிப்பிக்கிற எனக்கு ஆகஸ்ட் விடுமுறை என்றால் முல்லைத்தீவுக் கரைதான். அங்கே தங்கிப் பார்த்த இடங்களில் இந்த ஒரு வீட்டை மட்டும் மற்றவர்களுக்கும் சொல்லலாம் என்று மனதார நினைக்கிறேன்.

முல்லைத்தீவுப் பட்டினத்திலிருந்து அளம்பில் போகிற வீதியில், சிலாவத்தைப் பக்கம், கடலை நோக்கி இறங்கும் ஒரு மணல் ஒழுங்கையில் வீடு இருக்கிறது. பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுத வேண்டாம் என்று வீட்டுக்கார அக்கா கேட்டுக்கொண்டா. பட்டினத்தில் ஓட்டோக்காரரிடம் "படம் கீறுற ஆக்கள் வந்து நிக்கிற வீடு" என்றால் கொண்டுவந்து விடுவார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 3,500 ரூபாய், மூன்று நேரச் சாப்பாட்டோடு. இரண்டு அறை, கிழக்குப் பார்த்த நீள விறாந்தை, பின்னால் கிடுகு வேய்ந்த ஒரு பெரிய கொட்டில். ஆறு பேருக்கு மேல் எடுக்க மாட்டார்கள்.

அந்த ஆறு என்ற கணக்கும் கிணற்றால் வந்ததுதான். மாரியில் பெய்கிற மழை மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கிற உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது. அதனால் இரண்டும் இலேசில் கலக்காது. மோட்டர் போட்டு ஒரேயடியாக இறைத்தால் மேல் தண்ணீர் முடிந்து அடியில் இருக்கிற உப்பு ஏறிவிடும். பிறகு அடுத்த மாரி வரைக்கும், சிலவேளை அதற்குப் பிறகும், அந்தக் கிணறு பாழ். அயலில் இரண்டு மூன்று கிணறுகள் அப்படித்தான் கெட்டன என்று வீட்டுக்கார அண்ணை சொன்னார். இங்கே மோட்டர் இல்லை. கப்பியும் வாளியும்தான். குளிக்கிறவர் தானே அள்ளிக் குளிக்க வேண்டும். அள்ளுகிற கைக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்று தெரியும்.

வர்ணம் கழுவிய தண்ணீருக்கு என்று வேறாக ஒரு பிளாஸ்ரிக் பீப்பா வைத்திருக்கிறார்கள். அதைக் கிணற்றிலிருந்து தள்ளி, வளவின் மற்ற அந்தத்தில் நிழலில் வைத்து வெயிலில் வற்ற விடாமல் மண்டியை அடைய விட்டு, தெளிந்த தண்ணீரைத் தனியே எடுத்து, மண்டியைப் பேப்பரில் கட்டிக் குப்பைக்குக் கொடுக்கிறார்கள். நல்ல சிவப்பிலும் மஞ்சளிலும் கட்மியம் இருக்கும். சில நீலங்களில் கோபாற்று. மணல் நிலத்தில் ஊற்றினால் எங்கே போய்ச் சேரும் என்று சொல்லத் தேவையில்லை. எந்தக் கலைப் பள்ளியும் இந்த வீட்டில் வந்து இதைப் படித்துக்கொண்டு போகலாம். முன்னர் நாங்கள் நின்ற வேறொரு இடத்தில் ஏசி இருந்தது, கட்டில் மெத்தென்றிருந்தது, குழாயைத் திறந்தால் சவர் வந்தது. விறாந்தையில் வர்ணப் பெட்டி திறக்கவும் விடவில்லை.

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முல்லைத்தீவில் கடல் கிழக்கே. விடிய சூரியன் கடலுக்குள் இருந்து முகத்துக்கு நேரே எழும்பும். அந்த நேரம் கரையில் நிற்கிற மனிதர், படகு, பனை எல்லாம் இருண்ட வடிவங்களாகத் தெரியும். கடலில் நிறம் இருக்காது, பளபளப்பு மட்டும் இருக்கும். பிற்பகல் நாலு மணிக்குப் பிறகு சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால், நந்திக்கடல் களப்புப் பக்கம் சாயும்போதுதான் கடல் தன் நிறத்தைக் காட்டும். கரையோரம் பச்சை, அதற்கப்பால் ஊதா கலந்த நீலம், நடுவில் மணல் கலங்கிய மங்கல் கோடு. மேற்குக் கரையில் வரைந்து பழகியவர்களுக்கு இது தலைகீழாக இருக்கும். நடுப்பகலில் வெள்ளை மணல் எறிக்கிற எறிப்பில் தாளைப் பார்க்கவே ஏலாது. அப்போது கொட்டில்தான் கதி. கிடுகுக் கூரை ஒரே அளவான, சூடில்லாத வெளிச்சத்தைத் தருகிறது. தகரம் போட்டிருந்தால் பத்து மணிக்கே எழும்பி ஓடியிருப்போம்.

விடியற்காலை வெளிச்சத்தைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க எனக்குக் கைகொடுத்தது ஒரு பழைய முறை. அமெரிக்காவில் மசாசூசெற்ஸ் கரையில் புரொவின்ஸ்ரவுண் என்ற மீன்பிடி ஊர். அங்கே சார்ல்ஸ் ஹோதோர்ன் என்ற ஓவியர் 1899இல் ஒரு கோடைகாலச் சித்திரப் பள்ளி தொடங்கினார். ஊர்ப் பிள்ளைகளை வெயிலில், முகத்தில் நிழல் விழும்படி நிற்கவைத்து, மாணவர்களிடம் பிறஷுக்குப் பதிலாகத் தட்டையான பூச்சுக் கத்தியைக் கொடுப்பார். கத்தியால் கண்ணும் மூக்கும் வரைய முடியாது; இருண்ட முகம் என்ன நிறம், பின்னால் இருக்கிற மணல் என்ன நிறம் என்று பார்த்து வைக்கத்தான் முடியும். இதை நான் இங்கே ஒரு தட்டையான ஐஸ்கிறீம் குச்சியும் பொஸ்ரர் கலரும் கொண்டு செய்விக்கிறேன். வலை இழுக்கிற மனிதரைச் சூரியனுக்கு எதிரே பார்த்தால் உடம்பு கறுப்பு இல்லை, கத்தரிப்பூ நிறம் என்று ஒரு பதினாலு வயதுப் பிள்ளை கண்டுபிடிக்கும்போது அருகில் நிற்கக் கிடைத்தது எனக்குப் பெரிய சந்தோசம்.

ஆகஸ்டில் சோளகக் காற்று தரைப் பக்கமிருந்து வீசுகிற காலம் என்பதால் முல்லைக் கடல் அடங்கிக் கிடக்கும். கரையில் நின்று இழுக்கிற கரைவலைக்கும் அதுவே காலம். சில மீன்பிடி வாடிகளில் உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டி இழுத்ததையும் பார்த்திருக்கிறேன். கையால் இழுக்கிற இடத்தில் காலையில் போய் ஒரு ஓரமாக இருந்தால், மனித உடம்பு பாரத்தை எப்படித் தாங்குகிறது என்று ஒரு மணித்தியாலத்தில் படிக்கலாம். குதி மணலில் புதைந்து, இடுப்பு பின்னே சாய்ந்து, கயிறு நெஞ்சுக்குக் குறுக்கே போகும். வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டை இப்போது முழுதாகப் பாடுகிறவர் குறைவு. என்றாலும் மீன் சேருகிற வலைமடி கரைக்குக் கிட்ட வரும்போது யாரோ ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள்.

வீட்டுக்கார அண்ணையே வலைக்குப் போகிறவர்தான். பின்னேரம் எல்லாருடைய படத்தையும் விறாந்தைச் சுவரில் சாத்தி வைப்போம். அவர் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார். மருதனார்மடத்தில் சித்திரமும் வடிவமைப்பும் படித்த ஒரு தம்பி பெரிய தாளில் கரைவலை வரைந்திருந்தான். உண்மையிலேயே கெட்டிக்காரக் கை. அண்ணை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, மடி கரைக்கு வந்திட்டுது. ஆனா இழுக்கிற ரெண்டு பக்கமும் இன்னும் தூரத் தூர நிக்குது. வலை வர வர ரெண்டு பகுதியும் நடந்து கிட்ட வந்திடும் எல்லோ?" தம்பி அடுத்தநாள் விடிய ஐந்தரைக்கே வாடியில் நின்றான். இப்படி ஒரு விமர்சகர் எந்தக் கண்காட்சியிலும் கிடைக்க மாட்டார். இந்த வீட்டை நான் இவ்வளவு மதிப்பதற்குப் பாதிக் காரணம் அவர்.

ஓவியர் குடியிருப்பு என்றதும் எல்லாரும் சோழமண்டலத்தைச் சொல்வார்கள். சென்னைக்குப் போன நேரம் ஈஞ்சம்பாக்கத்தில் இறங்கி அதையும் பார்த்தேன். சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கர், தன் மாணவர்களையும் சக ஓவியர்களையும் சேர்த்து 1966இல் கட்டிய ஊர் அது. பற்றிக் துணி, கைவினைப் பொருள் என்று செய்து விற்ற காசில் காணி வாங்கி, வீடு கட்டி, மிச்ச நேரத்தில் தங்கள் படங்களை வரைந்தார்கள். 2009இல் அங்கே ஒரு சமகாலக் கலைக் காட்சியகமும் திறந்தார்கள். என்னை அங்கே பிடித்து நிறுத்தியது படங்களைவிட அந்தக் காணிதான். யாரையும் கேட்காமல் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கலாம். எங்களுக்கு அது இல்லை. நாங்கள் மீன்பிடிக் குடும்பம் ஒன்றின் விறாந்தையில் சில கிழமை இருந்துவிட்டுச் சுருட்டிக்கொண்டு போகிறவர்கள். வன்னியில் இவ்வளவு நீளக் கரை இருந்தும், வரைந்த படத்தை வைத்துப் பார்க்க நிரந்தரமாக ஒரு மண்டபம் இந்தக் கரையில் எங்களுக்கு இல்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். பற்றிக் விற்று ஒரு ஊரே கட்டலாம் என்றால், நாங்கள் ஒரு கொட்டிலாவது கட்டலாம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். விடிய பிளேன்ரீ மட்டும். ஒன்பது ஒன்பதரைக்குக் கரையிலிருந்து திரும்பினால் இடியப்பம், சொதி, இடித்த சம்பல், இராத்திரி மிஞ்சிய மீன்குழம்பு. அந்தப் பழைய குழம்புக்காகவே சிலர் வருகிறார்கள். மத்தியானம் அன்றைக்கு வலையில் என்ன பட்டதோ அது: சூடை, கீரி, நெத்தலி, நல்ல நாளில் பாரை. நெத்தலியை அக்கா மஞ்சளும் உப்பும் மட்டும் போட்டு முறுகப் பொரிப்பா. முருங்கையிலை வறை கட்டாயம் இருக்கும். சனி பின்னேரம் வீட்டு ஆச்சி ஒடியல் கூழ் காய்ச்சுவா. நந்திக்கடல் இறால், நண்டு, மீன்தலை, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி. கடைசியாகக் கரைத்த ஒடியல் மாவும் அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும். கோப்பை தர மாட்டா. பனையோலையில் பிளா கோலித் தருவா. "கோப்பையில குடிச்சா அது சூப்பு, பிள்ளை" என்பா. உறைப்பு அதிகம், சின்னப் பிள்ளைகளுக்கு முன்னமே சொல்லி வேறாக எடுக்க வேண்டும். மரக்கறிச் சாப்பாட்டுக்காரருக்கு இந்த வீடு அவ்வளவு வசதிப்படாது. பருப்பும் வறையும் ஒவ்வொரு நாளும் வரும், அதற்கு மேலே எதிர்பார்க்க ஏலாது.

சில இரவுகளில் முள்ளியவளையிலிருந்து கூத்துப் பழக்குகிற ஒரு அண்ணாவியார் வருவார். இந்தப் பகுதிக்கே உரிய முல்லைமோடி என்ற கூத்துப் பாணியில் கோவலன் கூத்துப் பாட்டுகள் படிப்பார். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு வைகாசியில் இதே சிலாவத்தைக் கரையில்தான் கடல்நீர் எடுத்துப்போய் விளக்கெரிப்பது. அந்தக் கரையில் இருந்து கண்ணகியின் கதையைக் கேட்பதற்குக் கட்டணம் ஒன்றும் இல்லை. வருகிறவர்கள் அண்ணாவியாரின் போக்குவரத்துச் செலவையாவது தாங்களாகக் கேட்டுக் கொடுக்க வேண்டும். கொழும்பிலிருந்து வந்த சிலர் அவரைத் தொலைபேசியில் படம்பிடித்துவிட்டு எழும்பிப் போனதைப் பார்த்து மனம் நொந்தேன்.

இன்னொன்று. 2004 மார்கழியில் சுனாமியில் இந்தக் கரை போனது. 2009இல் இதற்கு வடக்கே முள்ளிவாய்க்காலில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். அந்த இடங்களைச் சுற்றிக் காட்டுகிற வேலையை அண்ணை செய்ய மாட்டார். கேட்டால், போகும் வழியை மட்டும் சொல்லுவார். அவர் செய்வது சரி. அங்கே போய் வரைய வேண்டும் என்று இருப்பவர்கள் தாங்களாகப் போய், பேசாமல் இருந்து, வரைந்து வரலாம். வீட்டில் ஆச்சியிடம் அதைப்பற்றிக் கேள்வி கேட்க வேண்டாம். அவ சொல்ல நினைக்கிற நாளில் சொல்லுவா.

குறைகள் இருக்கின்றன. ஆறு பேருக்கு ஒரு குளியலறையும் ஒரு கக்கூசும்; விடியற்காலையில் வரிசை. பொழுது பட்டால் நந்திக்கடல் பக்கமிருந்து நுளம்பு படை எடுக்கும், வலை கொடுக்கிறார்கள், ஒன்றிரண்டில் ஓட்டை. பத்து மணிக்கு மேல் காற்று மணலைக் கிளப்பினால் வெளியில் எண்ணெய்வர்ணம் வேலைக்கு ஆகாது; ஈரமான பரப்பில் மணல் ஒட்டினால் பிறகு எடுக்க முடியாது. அக்கிறிலிக்கும் இந்தக் காற்றில் தட்டிலேயே தோல் பிடித்துவிடும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, முடிந்த படங்களை வைக்க இடம் இல்லாதது. உப்புக் காற்றில் தாள் ஒரே இரவில் நமுத்து வளைந்துவிடும். இரண்டு ஒட்டுப்பலகையும் நாலு கவ்வியும் ஒரு பெரிய பொலித்தீன் உறையும் கொண்டு போங்கள். ஒரு பழைய அலுமாரி வாங்கி வைக்கச் சொல்லி அக்காவிடம் கேட்டிருக்கிறோம்.

தாள், ரியூப், நல்ல பிறஷ் எல்லாம் யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ வாங்கிக்கொண்டு வர வேண்டும். முல்லைத்தீவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வர்ணப் பெட்டிதான் கிடைக்கும். ரயிலில் வருகிறவர்கள் மாங்குளத்தில் இறங்கி, ஒட்டுசுட்டான் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடிக்கலாம். கொஞ்சம் முந்தி, ஆனி ஆடியில் வந்தால் அந்த வழியில் பாலைப்பழம் விற்பார்கள்.

அறைக்கு ஒரு கிழமைக்கு முன்னரே சொல்ல வேண்டும், முற்பணம் கேட்பதில்லை. ஐப்பசி பிறந்து வாடைக்காற்று எழும்பினால் அறை கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். கொட்டிலின் கிடுகைப் பிரித்து வைத்துவிட்டு, பங்குனி சித்திரையில் புதுக் கிடுகு போட்டபிறகுதான் திரும்ப ஆட்களை எடுப்பார்கள்.