ஒடுகத்தூர் பக்கம் ஆறு வருடம்: தூக்கம் தேடிக் குடிபோன கதை

டவுனை விட்டுக் கிராமத்துக்குக் குடிபோன அனுபவம் இது. இரண்டு இடத்திலும் இருந்த காலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலூர் சத்துவாச்சாரியில் வாடகை வீட்டில் பதினோரு வருடம். அப்புறம் 2019 ஜூலையில் இருந்து அணைக்கட்டு என்கிற ஊருக்கும் ஒடுகத்தூருக்கும் நடுவில், மாமியார் ஊரில், சொந்த வீட்டில் ஆறு வருடத்துக்கு மேல். ஜோலார்பேட்டையில் இருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் அனுப்பினார்களே, அதே மாதம்தான் நாங்களும் சாமான் ஏற்றினோம். ஜோலார்பேட்டை அப்போது எங்கள் மாவட்டம். நவம்பரில்தான் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரித்தார்கள்.

போனதற்கு ஒரே காரணம் தூக்கம். சத்துவாச்சாரி வீடு பெங்களூரு நெடுஞ்சாலையில் இருந்து இரண்டு தெரு தள்ளி. ராத்திரி பூராவும் லாரி ஹாரன், நடுநடுவே ஆம்புலன்ஸ். வங்காளத்தில் இருந்தெல்லாம் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு ஆள் வருகிற ஊரில் ஆம்புலன்ஸ் சத்தம் இருக்கத்தான் செய்யும். அதோடு சூடு. சுற்றிலும் மொட்டைப் பாறை மலைகள். பகலில் வாங்கின வெயிலை ராத்திரியில் திருப்பித் தரும். அக்னி நட்சத்திரத்தில் தளம் போட்ட மேல்மாடி வீட்டில் படுத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கிராமத்துக்குப் போனால் கொஞ்சம் கண் மூடலாம் என்று வீட்டுக்காரரை நச்சரித்துக் கூட்டிப்போனது நான்தான்.

நாங்கள் குடிபோன அந்த வாரமே ஆடி பிறந்தது. விடிகாலை நாலரைக்கு அம்மன் கோயில் ஒலிபெருக்கி ஆரம்பித்தது. எங்கள் வீட்டுக்கு எதிர்க் கம்பத்தில் ஒரு குழாய், வாய் எங்கள் ஜன்னலைப் பார்த்து. ஆடி முடிந்தால் அடங்கும் என்றார்கள், அடங்கியது. அப்புறம் மயில், நாய், பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி. மும்முனை மின்சாரம் எந்த நேரம் வந்தாலும் அந்த நேரத்துக்குக் கழனியில் மோட்டார் ஓடும்.

இதெல்லாம் சும்மா. நிஜமான சோதனை வெயில் காலத்தில் நடக்கும் பாரதம், மகாபாரதக் கதை சொல்லி ஆடுகிற திருவிழா. வட ஆற்காட்டுக்காரர்களுக்குத் தெரியும்: திரௌபதி அம்மன் கோயில் இருக்கிற ஊரில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், ராத்திரி பத்து மணிக்கு மேல் கூத்து, விடிகிற வரைக்கும். பத்து ராத்திரி. கடைசி நாள் காலையில் மண்ணால் செய்து படுக்கவைத்த துரியோதனன் மேல் அவன் சாவை நடித்துக்காட்டும் படுகளம், சாயங்காலம் தீமிதி. முதல் தடவை மூன்றாம் ராத்திரியே எனக்கு அழுகை வந்துவிட்டது. தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு படுத்திருந்த என்னிடம் மாமியார் சொன்னார்: "பாரதம் கேட்டாதான் மழை வரும் கண்ணு. நீ காதை மூடிக்கினா மேகத்துக்கு இன்னா தெரியும்?" எழுந்து அவரோடு போய்ப் பாயில் உட்கார்ந்தேன். அர்ஜுனன் தபசு மரம் ஏறுகிற ராத்திரியில் கீழே பிள்ளை வரம் கேட்டு ஈரப்புடவையோடு நிற்கிற பெண்களைப் பார்த்தபோது தூக்கம் போன எரிச்சல் மறந்துபோனது உண்மை. மறுநாள் வேலையில் பில் போடும்போது தூங்கி விழுந்ததும் உண்மை.

வேலை என்றதும் பஸ் வந்துவிடும். டவுனில் ஒரு ஜவுளிக் கடையில் எனக்கு வேலை. எங்கள் ஊருக்குக் கடைசி பஸ் கிடைக்க வேண்டுமானால் ஏழு மணிக்குள் கடையை விட்டுக் கிளம்பியாக வேண்டும். தீபாவளி நேரத்தில் எந்தக் கடையில் ஏழு மணிக்கு விடுவார்கள்? அரை நாள் வேலையாக மாற்றிக்கொண்டேன், சம்பளமும் அதற்கேற்ப. 2021 மேயில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று வந்திருக்காவிட்டால் இந்த வேலையை விட்டே இருப்பேன். ஆனால் பஸ் இலவசமானதே தவிர எண்ணிக்கை கூடவில்லை. கிராமத்துக்கு மாற நினைக்கிற பெண்களுக்கு நான் சொல்லும் ஒரே புத்திமதி: முதலில் ஸ்கூட்டி ஓட்டப் பழகுங்கள், அப்புறம் சாமான் கட்டுங்கள். நான் நாற்பது வயதில், வாய்க்கால் வரப்பில் இரண்டு தடவை விழுந்து பழகினேன்.

தண்ணீர் பற்றிக் கேட்கிறார்கள். வேலூரில் மேட்டூரில் இருந்து வருகிற காவிரித் தண்ணீரைக் குடித்தவள், இங்கே போர் தண்ணீரின் உப்புக்குப் பயந்து கேன் வாங்குகிறேன். கிராமத்தில் கேன் தண்ணீர்! சத்துவாச்சாரியில் இருக்கிற என் தங்கை இன்னமும் சிரிக்கிறாள்.

வாடகை ஆறாயிரத்து ஐந்நூறு மிச்சம். கேவுரும் (கேழ்வரகு) மல்லாட்டையும் (வேர்க்கடலை) கொல்லையில் இருந்தே வந்துவிடும். செலவுக் கணக்கு அவ்வளவுதான், அதில் பெரிய அதிசயம் இல்லை.

மருத்துவத்தில்தான் என் கணிப்பு இரண்டு பக்கமும் தப்பியது. மாமியாரின் சர்க்கரை மாத்திரைக்கு மாதாமாதம் அலைய வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு மாத்திரை வாசலுக்கே வருகிறது. பையனுக்குச் சாதாரண மூச்சிரைப்புதான், சமாளித்துவிடலாம் என்றும் நினைத்தேன். ஒரு மார்கழி ராத்திரி ஒரு மணிக்கு அவனுக்கு இழுப்பு வந்தது. கையில் இருந்த மருந்துக்கு அடங்கவில்லை. எந்த வண்டிக்குப் போன் பண்ணினாலும் வர முக்கால் மணி நேரம் ஆகும் என்கிற நிலை. இரண்டாவது தெருவில் இருக்கிற அண்ணன் தன் குட்டியானை லோடு வண்டியில் முள்ளுக்கத்திரி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். இலவம்பாடிப் பக்கத்து முள்ளுக்கத்திரிக்காய், புவிசார் குறியீடு வாங்கியது. விடிவதற்குள் நேதாஜி மார்க்கெட்டில் இறக்கினால்தான் விலை. வழக்கமாக மூன்று மணிக்குக் கிளம்புகிறவர், பாதி மூட்டையை அப்படியே வாசலில் போட்டுவிட்டு ஒன்றேகாலுக்கே கிளம்பினார். முன் சீட்டில் பையனை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நான். பின்னால் மூட்டைகளின் மேல் வீட்டுக்காரர். அரியூர் தாண்டுகிற வரைக்கும் பையன் மூச்சை எண்ணிக்கொண்டே போனேன். சத்துவாச்சாரியில் இருந்திருந்தால் ஆட்டோவில் பத்து நிமிடம். அந்த ராத்திரி யாராவது என்னிடம் கிராமமா நகரமா என்று கேட்டிருந்தால் கெட்ட வார்த்தையில் பதில் சொல்லியிருப்பேன்.

அந்த அண்ணன் வண்டி வாடகை வாங்கவில்லை. ஆனால் மறுநாளில் இருந்து ஊரே என்னை நிறுத்திப் பையனைப் பற்றி விசாரித்தது, கூடவே வைத்தியமும் சொன்னது. ஆடாதொடை, தூதுவளை, ஒரு பாட்டி கழுதைப் பால். இங்கே பையோடு தெருவில் நடந்தால் "இன்னாம்மா, டவுனுக்கா? பையில இன்னா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் தாண்ட முடியாது. முதல் வருடம் கூசியது. இப்போது நானும் திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறேன்.

2021 நவம்பர் மழையில் பாலாறு கரை புரண்டபோது எங்கள் பக்கத்துத் தரைப்பாலமும் மூழ்கி இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. அந்த இரண்டு ராத்திரியும் கரண்ட் இல்லை. ஒலிபெருக்கி இல்லை, மோட்டார் இல்லை. ஆறு வருடத்தில் நான் தேடி வந்த நிசப்தம் கிடைத்தது அப்போது மட்டும்தான். தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடுமோ என்று விடிய விடிய விழித்திருந்தேன்.

போன மாதம் தங்கை வீட்டில் இரண்டு ராத்திரி தங்கினோம். ஜன்னல் சாத்தி ஏசி போட்டிருந்தாள், லாரிச் சத்தம்கூடப் பெரிதாக இல்லை. மூன்று மணிக்குத் தானாக விழிப்பு வந்து, குட்டியானை கிளம்புகிற சத்தத்துக்குக் காத்துக்கொண்டு படுத்திருந்தேன். பையன் எட்டு மணி வரை அசையாமல் தூங்கினான். ஒன்பதாவது படிக்கிறான். காபி குடிக்கும்போது சித்தியிடம் கேட்டான், இந்தத் தெருவில் ஏதாவது வீடு காலியாக இருக்கிறதா என்று.