வெளிநாட்டு வேலைக்கான போலீஸ் நற்சான்று: பாஸ்போர்ட் சேவா கேந்திரா எப்படி?

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களிடம் விசாவுக்கு முன்பு கேட்கப்படும் பி.சி.சி. என்ற காவல்துறை நற்சான்றைக் கையில் தருவது காவல் நிலையம் அல்ல, பாஸ்போர்ட் அலுவலகம் என்பது இன்னும் பலருக்குத் தெரிவதில்லை. என் மைத்துனருக்குக் குவைத்தில் வெல்டர் வேலை உறுதியானபோது, அவருடன் சென்னை சாலிகிராமத்திலுள்ள பாஸ்போர்ட் சேவா கேந்திராவுக்கு, அதாவது பாஸ்போர்ட் அலுவலகத்தின் சேவை மையத்துக்கு, சென்று வந்ததை வைத்து இதை எழுதுகிறேன். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தரலாம். குறையும் அந்த ஒன்று, கேந்திராவுக்கு வெளியே நடப்பவற்றுக்கானது.

பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, படிவத்தை நிரப்பி, 500 ரூபாய் கட்டணம் செலுத்தி, நாளும் நேரமும் பதிவு செய்துகொள்வதோடு முதல் கட்டம் முடிந்துவிடுகிறது. இதே வேலையைச் செய்து தர எங்கள் பகுதி டிராவல்ஸ் ஒன்றில் 3,000 ரூபாய் கேட்டார்கள். படிவத்தில் எளிய ஆங்கிலம்தான் என்றாலும், பிழையாக நிரப்பிவிடுவோமோ என்ற அச்சமே அவர்களுக்கு வருமானம். தமிழிலும் முழு விளக்கம் இருந்திருந்தால் பாதிப் பேர் அங்கே போயிருக்க மாட்டார்கள்.

உள்ளே ஏற்பாடு சீராக இருக்கிறது. ஏ கவுன்டரில் டி.சி.எஸ். நிறுவன ஊழியர்கள் ஆவணங்களை ஸ்கேன் செய்து, புகைப்படமும் கைரேகையும் எடுக்கிறார்கள். பி, சி கவுன்டர்களில் பாஸ்போர்ட் துறை அலுவலர்கள் சரிபார்த்து முடிவெடுக்கிறார்கள். டோக்கன் எண் திரையில் வருவதால் யாரும் யாரையும் முந்த முடியவில்லை. பி கவுன்டரில் இருந்த அம்மா பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பியதுமே, “இந்த முகவரியில்தான் இப்போது இருக்கிறீர்களா?” என்று கேட்டார். அது மைத்துனர் திருமணத்துக்கு முன்பு குடியிருந்த வாடகை வீடு. புதிய முகவரிக்கான ஆதாரம் கையில் இருந்ததால் தப்பித்தோம். இருந்தும் கோப்பு காவல்துறைச் சரிபார்ப்புக்குப் போயிற்று. குற்றமே செய்யாத பெரும்பாலோருக்குத் தாமதம் வருவது இந்த வீடு மாறிய விஷயத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதன் பிறகுதான் சலிப்பு. இணையதளத்தில் நிலவரம் நாள்தோறும் ஒரே வரியைக் காட்டிக்கொண்டிருக்க, தாள் காவல் நிலைய எழுத்தரின் மேசையில் கிடந்தது. நேரில் போய்க் கேட்டபோது, விசாரணைக்கு வரும் காவலருக்கு “டீ செலவு” பற்றி ஒரு சாடையான பேச்சு வந்தது. நாங்கள் கொடுக்கவில்லை, சான்று வந்தது, மெதுவாக.

வழக்கு இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நிலுவையில் உள்ளதா என்று படிவம் நேரடியாகக் கேட்கிறது. அடிதடியில் பத்தோடு பதினொன்றாகப் பெயர் சேர்ந்த வழக்காக இருந்தாலும் அங்கே ‘இல்லை’ என்று குறிப்பது, வழக்கைவிடப் பெரிய சிக்கலை இழுத்துவிடும். அரசு வேலை தொடர்பான அவதார் சிங் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம், தகவல் உண்மையாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்திய அதே வேளையில், இளவயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை மறைத்திருந்தால் அதை மன்னிக்கும் உரிமை வேலை தருபவருக்கு உண்டு என்றும் சொன்னது. நிலுவை வழக்கோடு வருபவர் அடுத்து என்ன செய்யலாம் என்பதைக் கேந்திராவில் ஒரு பலகையிலாவது எழுதி வைக்கலாம். நான் பார்த்தவரை அப்படி எதுவும் இல்லை.

உள்ளூர்த் தனியார் நிறுவனம் கேட்கும் சரிபார்ப்புக்கு இங்கே வர வேண்டாம். அதற்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தனிச் சேவை இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு வந்து திரும்பிய இளைஞர் ஒருவரை அன்று வரிசையிலேயே பார்த்தேன்.

சென்னைக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு வசதி: 2022 செப்டம்பர் 28 முதல் அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவா கேந்திராக்களிலும் பி.சி.சி.க்கு விண்ணப்பிக்கலாம். வளைகுடா நாடுகள் திடீரென இந்தச் சான்றைக் கேட்பதும் பிறகு விலக்கு அளிப்பதும் உண்டு. அதே ஆண்டு நவம்பரில் சவூதித் தூதரகம் இந்தியர்களுக்கு இது தேவையில்லை என்று அறிவித்தது. ஆகவே ஏஜென்ட் சொன்னார் என்பதற்காகப் பணம் கட்டாமல், தூதரகத்தின் தற்போதைய விதியைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். பல நாடுகள் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட சான்றை ஏற்பதில்லை என்பதால், வேலைக் கடிதம் வருவதற்கு முன்பே வாங்கி வைப்பதிலும் பயனில்லை.