பிளினியின் கடிதமா, உளுந்தில் ஒட்டிய நாயா?

ரோமானிய வரலாற்றை வீட்டில் சொல்லிக்கொடுக்க நினைத்தபோது பேரரசர் வரிசையில்தான் ஆரம்பித்தேன். அகஸ்டஸ், திபேரியஸ் தாண்டி கலிகுலா வருவதற்குள் ஒன்பது வயது மகன் கொட்டாவி விட்டான். பன்னிரண்டு வயது மகள் மட்டும் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள். சரி, ஒரே ஒரு சம்பவம் போதும் என்று கி.பி. 79இல் இத்தாலியின் வெசூவியஸ் எரிமலை வெடித்து பாம்பேய் என்ற ரோமானிய நகரம் புதைந்ததை எடுத்துக்கொண்டு, ஐந்து வழிகளில் முயன்று பார்த்தோம்.

எல்லோரும் சொல்வது சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றிப் பொங்க வைக்கிற எரிமலை. இரண்டு நிமிடக் கும்மாளம், அரை மணி நேரம் தரை துடைப்பு. செலவு குறைவுதான், ஆனால் தப்பாகச் சொல்லிக்கொடுக்கிறது. பாம்பேயை மூடியது வழிந்தோடிய நெருப்புக் குழம்பு அல்ல. முதலில் மழையாகக் கொட்டிய நுரைக்கல்லும் சாம்பலும், பிறகு பாய்ந்து வந்த கொதிக்கும் சாம்பல் புயலும். என் பட்டியலில் இதற்குக் கடைசி இடம்.

வரலாற்று நாவல் அடுத்தது. மகள் ராத்திரி விளக்கை அணைக்க மறுத்தாள், அந்தளவுக்கு இழுத்தது. ஆனால் ஒரு மாதம் பிடித்தது. எது நடந்தது, எது கதாசிரியர் கற்பனை என்று கூடவே சொல்லிக்கொண்டும் இருக்க வேண்டியிருந்தது.

என்னைக் கேட்டால் முதல் இடம் கடிதத்துக்குத்தான். வெடிப்பை நேரில் பார்த்த ரோமானியர் இளைய பிளினிக்கு அப்போது 17 வயது. சுமார் 25 ஆண்டுகள் கழித்து, வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கேட்டதால் இரண்டு கடிதங்கள் எழுதினார். ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நான் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தேன். மலை மேல் எழுந்த புகை பைன் மரம்போல உயர்ந்து கிளை விரித்தது என்ற இடத்தில், "தூங்குமூஞ்சி மரம் மாதிரியா?" என்றான் மகன். கிட்டத்தட்ட அதேதான்! கல்மழைக்குப் பயந்து மக்கள் தலையில் தலையணையைக் கட்டிக்கொண்டு ஓடிய இடம் வந்ததும் இருவரும் தலையணை எடுத்துவரப் போய்விட்டார்கள். பிளினியின் தாய்மாமன் கடற்படைத் தளபதி; கப்பலில் கிளம்பும்போது அவனையும் கூப்பிடுகிறார். மருமகனோ, நான் படிக்க வேண்டும் என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறான். மாமா திரும்பவில்லை. அவன் பயந்தாங்கொள்ளியா இல்லையா என்று எங்கள் வீட்டில் இரண்டு நாள் சண்டை. (அந்த மாமாதான் மூத்த பிளினி. மிளகுக்காகவும் மற்ற சரக்குக்காகவும் ரோமின் பணம் இந்தியாவுக்குப் போகிறதே என்று புலம்பியவர்.)

இன்னொரு லாபமும் உண்டு. கடிதத்தின் பழைய பிரதிகளை வைத்து வெடித்த நாள் ஆகஸ்ட் 24 என்றே சொல்லிவந்தார்கள். 2018இல் பாம்பேய்ச் சுவர் ஒன்றில் கரியால் கிறுக்கிய குறிப்பு கிடைத்தது. அதிலுள்ள தேதி அக்டோபர் 17. ஆண்டு இல்லை, ஆனால் கரிக்கோடு ரொம்ப நாள் தாங்காதே, அப்படியானால் வெடிப்பு அதற்குப் பிறகுதானே என்று மகளே வாதாடினாள்.

கைவேலையில் இரண்டு. பாம்பேய் வீடொன்றின் வாசல் தரையில் சங்கிலி கட்டிய கருப்பு நாயின் மொசைக் (சிறு கற்களைப் பதித்துச் செய்த படம்) இருக்கிறது. கீழே லத்தீனில் "நாய் ஜாக்கிரதை". நம் தெருவில் கேட்டுக்குக் கேட்டு தொங்குகிற பலகையேதான். தோல் உரிக்காத உளுந்தும் பச்சரிசியும் வைத்து ஒட்டினோம், கழுத்துப்பட்டைக்கு மைசூர் பருப்பு. அழகாகத்தான் வந்தது, பத்தே நாளில் வண்டு வைத்துவிட்டது. கலர் காகிதத் துண்டுகளே மேல்.

ரோமானியர் கீறி எழுதிய, மெழுகு பூசிய மரப்பலகைக்குப் பாடு அதிகம். மெழுகுவர்த்தி மெழுகு கீறினால் உதிர்கிறது, தேன்மெழுகுதான் சரி. உருக்குவதைப் பெரியவர்கள் செய்ய வேண்டும். ஐஸ் குச்சியின் ஒரு முனையைச் சீவினால் எழுத்தாணி, தட்டையான மறுமுனை அழிப்பதற்கு. 1875இல் பாம்பேயில் யூகுண்டஸ் என்ற வட்டிக்காரர் வீட்டில் இப்படிப்பட்ட பலகைகள் 150க்கு மேல் கிடைத்தன. மெழுகு போய்விட்டது, எழுத்தாணி மரத்தில் பதித்த கீறலை வைத்தே படித்தார்கள். இதைச் சொன்னதும் மகன் தன் பலகையின் மெழுகைச் சுரண்டி அடியில் பார்த்தான். அவன் அழுத்தி எழுதிய வரி மரத்தில் மங்கலாகத் தெரிந்தது: "அக்கா பலகையைத் தொடாதே".

எட்டு வயதுக்குக் கீழே என்றால் காகித நாயில் ஆரம்பியுங்கள். அதற்கு மேல் கடிதமும் பலகையும் சேர்ந்தே போகட்டும். நாவல் கோடை விடுமுறைக்கு இருக்கட்டும்.